சர்க்கரை டப்பாவுக்கு வழி சொன்னது யார்?

வெல்லத்தை எவர்சில்வர் சம்புடத்தில் போட்டு, மூடியை அழுத்தி மூடி, மேல் தட்டில் ஏற்றி வைத்தாயிற்று. விடிந்து பார்த்தால் ஜன்னல் ஓரத்தில் தொடங்கி, சுவிட்ச் போர்டைச் சுற்றிக்கொண்டு, அலமாரிக் கதவின் கீல் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு நகர்ந்துகொண்டிருக்கிறது. சம்புடத்துக்குள் ஒன்றுகூட இல்லை. மூடியின் விளிம்பில்தான் அத்தனையும் மொய்க்கின்றன.

இந்தக் காட்சியைப் பார்க்காத தமிழ்நாட்டுச் சமையலறை இருக்க முடியாது. அதைப் பார்த்ததும் யோசனை சொல்லாத ஆளும் இருக்க முடியாது. மஞ்சள் பொடியைத் தூவு என்பார் ஒருவர். சர்க்கரைக்குள் நாலு கிராம்பு போடு என்பார் இன்னொருவர். வெள்ளரித் தோல், எலுமிச்சைத் தோல், காபி சக்கை, வசம்பு, மிளகாய்த் தூள், ரவை, வினிகர் என்று பட்டியல் வாட்ஸ்அப்பில் நீண்டுகொண்டே போகும். எல்லாம் கொஞ்சம் பலிக்கும், எதுவும் முழுசாகப் பலிக்காது. ஏன் அப்படி என்பதற்கான விடை எறும்பின் வாயிலும் வயிற்றிலும் இருக்கிறது. எதைக் கண்டால் ஓடும் என்று கேட்பதற்கு முன்னால், எதற்காக வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது.

வளர்ந்தவருக்குச் சர்க்கரை, பிள்ளைகளுக்குக் கறி

சமையலறைக்கு வருகிற எறும்பு தனக்காக மட்டும் வருவதில்லை. புற்றுக்குள் ஒரு ராணியோ பல ராணிகளோ முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றன. கால் இல்லாத வெள்ளைப் புழுக்கள் வாயைத் திறந்தபடி கிடக்கின்றன. வெளியே அலைகிற வேலைக்கார எறும்புகளுக்குத் தேவை ஓடுவதற்கான சக்தி, அதாவது இனிப்பு. வளர்கிற புழுக்களுக்கும் முட்டையிடும் ராணிக்கும் தேவை புரதம். ஆக, ஒரே கூட்டத்துக்கு ஒரே வாரத்தில் பஞ்சாமிர்தமும் வேண்டும், கருவாடும் வேண்டும்.

புரதம், மாவுச்சத்து இரண்டும் வெவ்வேறு விகிதத்தில் கலந்த தீனிகளை ஆஸ்திரேலியாவின் பச்சைத்தலை எறும்புகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் ஆட்ரி டுசுட்டூர், ஸ்டீபன் சிம்சன் என்ற இரு ஆய்வாளர்கள். அது 2009-ல் வெளியானது. கூட்டில் புழுக்கள் இருந்தால் எறும்புகள் இரண்டையும் தேவையான அளவில் கொண்டுவந்து சரிக்கட்டின. புழுக்கள் இல்லாத கூட்டம் புரதம் மிகுந்த தீனியையே தின்ன நேர்ந்தபோது, வேலைக்கார எறும்புகள் சீக்கிரம் செத்தன. "போன மாதம் சர்க்கரையில் மொய்த்தது, இந்த மாதம் சர்க்கரையைத் தொடாமல் கருவாட்டுக்குப் போய்விட்டது" என்று வீடுகளில் ஆச்சரியப்படுவதற்குக் காரணம் இதுதான். எறும்பின் ருசி மாறவில்லை. உள்ளே இருக்கும் பிள்ளைகளின் கணக்கு மாறியிருக்கிறது.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியம். வளர்ந்த எறும்பால் திடப்பொருளை விழுங்க முடியாது. அதன் இடுப்பு நூலளவு. உணவுக்குழாய் அந்த நூலுக்குள் புகுந்துதான் வயிற்றுக்குப் போக வேண்டும். எனவே வாய்க்குள்ளேயே ஒரு வடிகட்டியும், வடிகட்டிய சக்கையைச் சேர்த்துத் துப்ப ஒரு சின்னப் பையும் உண்டு. நெருப்பெறும்புகளைச் சோதித்தபோது, ஒரு மைக்ரான் அளவுத் துகளைக்கூட அந்த வடிகட்டி உள்ளே விடவில்லை. எறும்பு தின்பதில்லை, குடிக்கிறது என்று சொல்வதே சரி. குடித்ததை முன்வயிற்றில் சேமித்துக்கொண்டு போய், புற்றில் இருப்பவர்களுக்கு வாயோடு வாய் வைத்துப் பகிர்ந்து கொடுக்கிறது.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு நல்ல வழியை மைசூரில் கண்டுபிடித்தார்கள். சிந்திய பாலைக் குடித்த எறும்புகளின் வயிறு வெள்ளையாக மாறியிருப்பதை முகமது பாபு என்ற விஞ்ஞானிக்கு அவர் மனைவி காட்டினார். வயிறு கண்ணாடி போல இருக்கும் சின்ன எறும்பு வகை அது. அவர் சர்க்கரைத் தண்ணீரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் கலந்து சொட்டுச் சொட்டாக வைத்தார். குடித்த எறும்புகளின் வயிறு அந்தந்த நிறத்தில் உப்பியது. 2011-ல் அந்தப் படங்கள் உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தன. இதை முதலில் கவனித்தது அவர் மனைவி என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் திடப்பொருள்? முறுக்குத் துண்டை நாலு எறும்பு சேர்ந்து இழுத்துப் போகிறதே? அது புழுக்களுக்கு. பல இனங்களில் திடமான துணுக்கைப் புழுவின் மார்பின்மேல் கொண்டுபோய் வைக்கின்றன. புழு தன் உமிழ்நீரால் அதைக் கரைத்து உறிஞ்சுகிறது. மிச்சத்தைத் திரவமாகப் பெரியவர்களுக்குத் திருப்பித் தருகிறது. வாசலில் போட்ட அரிசிமாவுக் கோலத்தை எறும்பு அள்ளிப் போவதும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. (இப்போது கடைகளில் கிடைக்கும் கோலப்பொடி பெரும்பாலும் கல் பொடி. எறும்பு அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. எறும்புக்குத் தீனி போடுகிறோம் என்று யாரும் இனி பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது.)

ரவை வைத்தியமும் இங்கேயே அடிபட்டுப் போகிறது. "ரவையைத் தூவு, தின்னும், வயிற்றுக்குள் ஊறும், வெடித்துச் சாகும்" என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். விழுங்கவே முடியாத பொருள் வயிற்றில் எப்படி ஊறும்? எறும்பு ரவையை எடுத்துப் போகும், உண்மைதான். புழுக்கள் அதைத் தின்று கொழுக்கும். ரவை தூவிய வீட்டில் நாம் எறும்புக்கு ரேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

அலமாரியில் எது இழுக்கிறது?

வெள்ளைச் சர்க்கரையையும் வெல்லத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். வெல்லத்துக்குத்தான் முதல் கூட்டம் சேரும். சுத்திகரித்த சர்க்கரை காய்ந்த படிகம். அதற்கு வாசனையும் கிடையாது. வெல்லத்தில் கருப்பஞ்சாற்றின் மணம் இருக்கிறது. குளுக்கோசும் ஃபிரக்டோசும் கலந்திருப்பதால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கசிகிறது. குடிக்கிற பிராணிக்கு இதைவிட வசதி ஏது? மழைக்காலத்தில் சர்க்கரையும் கட்டி தட்டி ஈரமாகும்போது அதற்கும் அதே கதி. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, அதிரசம், பேரீச்சம்பழம், நறுக்கிய பலாச்சுளை, மாம்பழக் கொட்டை எல்லாம் இந்த வரிசை. இனிப்பும் ஈரமும் சேர்ந்த இடம் எதுவோ அதுதான் முதல் இலக்கு.

அடுத்தது கொழுப்பும் புரதமும். தேங்காய்த் துருவல், நிலக்கடலை, எள்ளுருண்டை, நெய், பொரித்த மீனின் முள், கருவாடு, கோழி எலும்பு. பொடி எறும்புகளில் சில இனங்களும், கடிக்கிற சிவப்பெறும்புகளும் எண்ணெய்ப் பசைக்குச் சொக்கிப்போகும். பூஜை அறையில் நல்லெண்ணெய் விளக்கின் அடியில் எறும்பு வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள். நைவேத்தியத்துக்கு வைத்த வாழைப்பழத்துக்கு வந்த கூட்டம் என்று நினைத்துப் பழத்தை மட்டும் எடுத்து வைத்தால், விளக்கடி எண்ணெயில் அது தொடரும்.

பெரும்பாலான வீடுகளில் எறும்பைக் கூட்டிவருவது டப்பாவுக்குள் இருப்பதே அல்ல, டப்பாவுக்கு வெளியே இருப்பது. தேன் பாட்டிலின் கழுத்தில் வழிந்து காய்ந்த கோடு. எண்ணெய்த் தூக்கின் அடியில் படிந்த வட்டம். நெய் ஜாடி மூடியின் மரை. மிக்சி ஜாடியின் அடிப்பாகம். அடுப்புக்குக் கீழே பொங்கி வழிந்து உலர்ந்த பால். சிலிண்டருக்குப் பின்னால் மல்லாந்து கிடக்கும் கரப்பான். நமக்கு அழுக்கு என்றுகூடத் தோன்றாத ஒரு சொட்டு, அதற்கு ஒரு கூட்டத்தின் ஒரு வேளைச் சாப்பாடு. சம்புடத்தை எத்தனை அழுத்தி மூடினாலும், மூடிய கையில் ஒட்டியிருந்த வெல்லம் விளிம்பில் இருக்கிறதே!

வாசனையைப் பிடிக்கும் திறமையும் சாதாரணமல்ல. பழ ஈக்கு வாசனை உணரும் ஏற்பிகள் சுமார் 60 வகை. எறும்பு இனங்கள் சிலவற்றில் அது 400-ஐ நெருங்குகிறது, சிலவற்றில் தாண்டுகிறது. ஏறக்குறைய நமக்கு இருக்கிற அளவு. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதை வைத்து மதுமேகத்தை அடையாளம் கண்டவர்கள் இந்நாட்டுப் பழைய வைத்தியர்கள். குளியலறையில் அப்படிக் கூட்டம் கண்டால் எறும்புப் பொடியைத் தேடுவதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்குப் போவது புத்திசாலித்தனம்.

உப்பு? "உப்புக் கோடு போட்டால் தாண்டாது" என்பது இன்னொரு நம்பிக்கை. மைக்கேல் காஸ்பாரியும் நண்பர்களும் அமெரிக்கக் கண்டங்களின் பல இடங்களில் உப்புக் கரைசலையும் சர்க்கரைக் கரைசலையும் வைத்துப் பார்த்து 2008-ல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி இருக்கிறது. கடலிலிருந்து உள்ளே போகப் போக எறும்புகளுக்கு உப்பின்மேல் ஆசை கூடியது. கடற்காற்றோடு வந்து விழும் சோடியம் உள்நாட்டு எறும்புக்குக் கிடைப்பதில்லை. காய்ந்த உப்பைக் குவித்தால் சற்று நேரம் தயங்கி நிற்கலாம். வெறுப்பு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது.

சமையலறைக்கு வெளியேயும் ஒரு கண் வேண்டும். பால்கனித் தொட்டியில் செம்பருத்தி இருந்து, அதில் மாவுப்பூச்சி பிடித்திருந்தால், அந்தப் பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு ஏற்கெனவே வீட்டு வாசலில் குடியிருக்கிறது என்று அர்த்தம். அங்கிருந்து சர்க்கரை டப்பாவுக்கு அதிக தூரமில்லை. செடியைக் கவனிக்காமல் அலமாரியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது.

கோடு போட்டு வருகிற கூட்டம்

முதலில் வருவது ஒன்றுதான். அது வழியில்லாமல் அலைந்து எதையோ கண்டுபிடிக்கிறது. திரும்பும்போது வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு ரசாயனத்தை வைத்துக்கொண்டே போகிறது. 1959-ல் எட்வர்ட் வில்சன் நெருப்பெறும்பின் வயிற்றிலிருந்து ஒவ்வொரு சுரப்பியாகப் பிரித்தெடுத்து, நசுக்கி, கண்ணாடியில் கோடு இழுத்துப் பார்த்தார். டூஃபோர் சுரப்பியை நசுக்கிய கோட்டில் எறும்புகள் திபுதிபுவென்று வந்து நடந்தன. அங்கே உணவே கிடையாது. வெறும் கோடு மட்டும் அவற்றை அழைத்துப் போனது.

பின்னாளில் இயற்பியலில் நோபல் வாங்கிய ரிச்சர்ட் ஃபைன்மன், பிரின்ஸ்டனில் மாணவராக இருந்த நாட்களில் இதை வைத்து ஒரு வேடிக்கை செய்தார். அவர் அறையில் ஜாமும் ரொட்டியும் வைத்திருந்த இடத்துக்கு ஜன்னல் பக்கத்திலிருந்து ஒரு நீண்ட வரிசை. கொல்ல மனமில்லை. எறும்பு நுழைகிற ஓட்டைக்குச் சில அங்குலம் தள்ளிக் கொஞ்சம் சர்க்கரை வைத்தார். உள்ளே வருகிற எறும்பு, ஜாமிலிருந்து திரும்புகிற எறும்பு எது அகப்பட்டாலும் ஒரு காகிதத் துண்டில் ஏற்றிக்கொண்டுபோய் அந்தச் சர்க்கரையில் இறக்கிவிட்டார். இறங்கியவை அங்கிருந்து ஓட்டைக்குப் புதுவழி போட்டன. பழைய வழியைப் புதுப்பிக்க ஆளில்லை. அது உலர்ந்து அழிந்தது. ஒரு மணி நேரத்தில் அவருடைய ரொட்டிப் பக்கம் ஓர் எறும்பு இல்லை. தரையைக் கழுவக்கூட இல்லை, மஞ்சளோ மருந்தோ போடவும் இல்லை.

வழி அழியும் என்பதுதான் இதில் நமக்கான செய்தி. வரிசையாக வரும் எறும்பை நசுக்குகிறோம். கோடு அப்படியே இருக்கிறது, பின்னால் வருகிறவை அதைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. கோட்டை அழித்தால் பின்னால் வருகிறவை திகைத்து நிற்கும். பாத்திரம் தேய்க்கும் சோப்பு நாலு சொட்டு விட்ட வெந்நீரில் துணியை நனைத்து, ஓட்டையிலிருந்து அலமாரி வரை முழுக்கத் துடைப்பதற்கு இணையாக இன்றுவரை ஒன்றும் இல்லை. வினிகரைச் சிபாரிசு செய்கிறார்களே, அது உதவுவதும் முக்கியமாக இப்படித்தான்: துடைப்பதால்.

எறும்புகளுக்கு "இந்தப் பக்கம் போகாதே" என்று எழுதி வைக்கவும் தெரியும். பாரோ எறும்பு எனப்படும் சின்ன மஞ்சள் எறும்பு, பலனில்லாத கிளைவழியின் முகப்பில் வேறொரு ரசாயனத்தை வைத்துவிட்டுப் போகிறது என்று ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அந்த ரசாயனத்தைப் பாட்டிலில் அடைத்து யாராவது விற்றால் மளிகைக் கடைகளில் நல்ல வியாபாரம் நடக்கும்.

மஞ்சளும் கிராம்பும் என்ன செய்கின்றன?

அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். இதில் உண்மையான சரக்கு உள்ளவை இரண்டு: கிராம்பும் லவங்கப்பட்டையும். கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு இரண்டுமே பூச்சிகளுக்கு ஆகாதவை. கிராம்பிலுள்ள பொருட்களை நெருப்பெறும்பின்மேல் சோதித்து 2013-ல் தைவானில் இருந்து வந்த ஆய்வில், யூஜினால் மற்றவற்றைவிட விரைவாகக் கொன்றது. புதினா எண்ணெய்க்கும் விரட்டும் குணம் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. ஆனால் ஆய்வுகளில் வைத்தது பொடித்த கிராம்பு, அல்லது பிழிந்தெடுத்த எண்ணெய். ஒரு கிலோ சர்க்கரைக்குள் முழுசாகப் போட்ட நாலு கிராம்பு அல்ல. அந்த நாலு கிராம்பு வேலை செய்கிறது என்று தோன்றும் வீடுகளில், டப்பா மூடியும் இறுக்கமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பாயசத்துக்குக் கிராம்பு மணம் வருவது மட்டும் நிச்சயம்.

மஞ்சள் பொடி, மிளகாய்த் தூள், வசம்புப் பொடி, சாம்பல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம் உண்டு. அவை நைசான தூள். எறும்பு சுவரில் ஏறுவது பாதத்தின் ஒட்டும் பஞ்சால். தூள் அதில் அப்பிக்கொண்டால் பிடி நழுவும். மணமும் சேர்ந்து தொந்தரவு செய்யும்; வழிக் கோட்டையும் மூடிவிடும். தூள் காய்ந்து, தடிப்பாக, இடைவெளி விடாமல் கிடக்கிறவரை எறும்பு தயங்கும். ஈரம் பட்டு இறுகிவிட்டால் அதன்மேலேயே நடந்து போகும். சமையலறை மேடையில் ஈரமில்லாத இடம் ஏது? அதனால்தான் மஞ்சள் கோடு காலையில் பலித்து மாலையில் தோற்கிறது.

எலுமிச்சைத் தோலும் வெள்ளரித் தோலும் என் கணக்கில் தேறவில்லை. எலுமிச்சை எண்ணெய்க்குச் சிறிது காரம் உண்டு. அது தோல் வாடுவதற்குள் போய்விடும். வெள்ளரித் தோலை அலமாரியில் வைத்தால் இரண்டாம் நாள் பழ ஈ வரும்.

காபி சக்கை விஷயத்தில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. புதுச் சக்கையின் மணம் வழியைக் குழப்பக்கூடும் என்பது வரைக்கும் சரி. ஆனால் ஜெர்மனியில் ரீகன்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அர்ஜென்டினா எறும்புகளுக்குக் காஃபீன் கலந்த சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து 2024-ல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். மிதமான அளவு காஃபீன் குடித்த எறும்புகள், அடுத்த முறை உணவு இருக்கும் இடத்துக்கு நேர்கோட்டில், குறைந்த நேரத்தில் வந்து சேர்ந்தன. வேகமாக ஓடவில்லை; இடத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தன. மேடையில் ஆறிக் கிடக்கும் சர்க்கரை போட்ட டிகாக்ஷன் டம்ளரை இரவே கழுவி வைக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

தண்ணீரும் வழவழப்பும்

நம் பழைய சமையலறைகள் எறும்பை வென்றது வாசனையால் அல்ல. உயரத்தாலும் தண்ணீராலும். உறியில் தொங்கிய தயிர்ப்பானைக்கு ஒரே ஒரு கயிற்றுப் பாதை. சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர் நிறைந்த கல் கிண்ணங்களில் நின்றன. பாயசப் பாத்திரத்தைத் தாம்பாளத்துத் தண்ணீரின் நடுவில் வைப்பதை இன்றும் பார்க்கிறோம். இது எந்த இன எறும்புக்கும், எந்தப் பருவத்துக்கும் பொருந்துகிற வைத்தியம். ஒரே எச்சரிக்கை: தண்ணீரின்மேல் தூசு படிந்தால் பொடி எறும்பு அந்தப் படலத்தின்மேல் நடந்து கரையேறும். தினம் மாற்ற வேண்டும். அல்லது ஒரு சொட்டு சோப்பு விட வேண்டும். சோப்பு தண்ணீரின் மேற்பரப்பு இறுக்கத்தைக் குலைத்துவிடுவதால், காலை வைத்த எறும்பு மூழ்கும். பாத்திரம் சுவரையோ ஒரு கரண்டிக் காம்பையோ தொட்டுக்கொண்டிருந்தால் எல்லாம் வீண்.

எண்ணெய்ப் பூச்சும் அப்படித்தான். திருச்சிக்குப் பக்கத்தில் திருவெறும்பூர் எறும்பீசுவரர் கோயிலின் தலபுராணம் பலருக்குத் தெரிந்திருக்கும். தேவர்கள் எறும்பு உருவில் வந்து வழிபட்டபோது லிங்கம் எண்ணெய் வழுக்கலாக இருந்ததாம், ஏற முடியவில்லை. சிவன் மண்புற்றாகி, கொஞ்சம் சாய்ந்தும் கொடுத்தார் என்கிறது கதை. வழவழப்பான செங்குத்துப் பரப்பில் எறும்பு திணறும், மண்ணில் சுலபமாக ஏறும் என்பதைக் கதை கட்டியவர்கள் நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். அலமாரிக் காலில் வாஸ்லினைத் தடிப்பாகப் பூசினால் இன்றும் அதே பலன். சமையல் எண்ணெயைப் பூசாதீர்கள். அதைக் குடிக்கவே ஒரு கூட்டம் வரும்.

மருந்து என்ற பெயரில்

ஒரு தலைமுறைக்கு முன் எறும்பென்றால் கெமாக்சின் பொடி. அடுப்படியிலும் அரிசி மூட்டையைச் சுற்றியும் தூவினார்கள். அதிலிருந்த பிஎச்சி நச்சு இந்தியாவில் 1997-ல் தடைசெய்யப்பட்டது. அதன் சகோதரமான லின்டேனும் பிற்பாடு தடையானது. இன்று கடையில் கிடைக்கும் எறும்பு சாக்பீஸ் சாதாரணச் சாக்பீஸ் அல்ல, பூச்சிக்கொல்லி கலந்தது. குழந்தை கையில் கிடைத்தால் சுவரில் எழுதும், பிறகு வாயில் வைக்கும். ஸ்பிரே அடிப்பதில் வேறு சிக்கல். கண்ணில் படும் எறும்புகள் கூட்டத்தில் ஒரு சிறு பங்குதான். அவற்றைக் கொன்றால் ராணிக்கு ஒன்றும் ஆவதில்லை. பல ராணிகள் உள்ள பாரோ எறும்பு போன்றவை, தொந்தரவு கண்டால் ராணி, புழுக்களோடு பிரிந்துபோய் இரண்டு மூன்று இடங்களில் புதுக்குடித்தனம் வைக்கும். ஸ்பிரேக்குப் பிறகு குளியலறையிலும் எறும்பு வந்துவிட்டது என்று புலம்பும் வீடுகளின் கதை பெரும்பாலும் இதுதான். இந்த எறும்பை இளக்காரமாக நினைக்க முடியாது. ஆஸ்பத்திரிகளில் அது நோய்க்கிருமிகளைச் சுமந்து திரிவதை 1972-லேயே 'லான்செட்' இதழில் எழுதியிருக்கிறார்கள்.

கூட்டத்தையே குறைக்க வேண்டும் என்றால் விரட்டுவது வழியல்ல, விருந்து வைப்பதுதான் வழி. போரிக் பவுடர், கேரம் பலகையில் தூவுவார்களே அது, எறும்பை மெதுவாகக் கொல்லும். மெதுவாக என்பதில்தான் சூட்சுமம். அளவு கூடினால் எறும்பு முகர்ந்துவிட்டு ஒதுங்கும். அல்லது புற்றுக்குப் போவதற்குள் செத்துவிடும். ஆய்வுகளில் நன்றாகப் பலித்தது சுமார் 10 சதவீதச் சர்க்கரைத் தண்ணீரில் 1 சதவீதம் போரிக் அமிலம். வீட்டுக் கணக்கில் 200 மில்லி வெந்நீருக்கு 4 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூனுக்கு மிகாமல் போரிக் பவுடர். பஞ்சில் நனைத்து, மூடியில் துளையிட்ட சின்ன டப்பாவுக்குள் வைத்து, எறும்பு வரும் வழியில் வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் கூட்டம் அதிகமாகும். பதறித் துடைத்துவிடக் கூடாது. குடித்துப்போய் ராணிக்கும் புழுக்களுக்கும் பங்கு வைக்க அவகாசம் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் வேறு எந்த இனிப்பும் வெளியில் இருக்கக் கூடாது. சர்க்கரையைச் சீண்டாத கூட்டமானால், அதே பொடியைச் சிட்டிகை அளவு நிலக்கடலை விழுதில் கலந்து பார்க்கலாம். தவழும் குழந்தையோ நாய் பூனையோ உள்ள வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். மற்ற வீடுகளிலும் கலந்த பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம்.

எல்லா எறும்புக்கும் இத்தனை பாடு தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிக்காமல் குறுக்கும் நெடுக்கும் ஓடும் பிள்ளையார் எறும்பை நம் வீடுகளில் யாரும் நசுக்குவதில்லை, நசுக்கவும் வேண்டாம். ஈரத் துணியும் மூடிய டப்பாவும் அதற்குப் போதும். சர்க்கரையில் புகுந்துவிட்டால் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள், தானே இறங்கிப் போகும். தப்பித்தவறி ஒன்றிரண்டு காபியில் மிதந்தால், எறும்பு தின்றால் கண் நன்றாகத் தெரியும் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. வடிகட்டிக் குடிப்பதே மேல். மாறாக, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் 2022-ல் பெருகிய மஞ்சள் நிற எறும்பு வேறு ரகம். ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி ஆடுமாடுகளின் கண்ணையே கெடுத்தது என்று அங்குள்ள மக்கள் குமுறினார்கள். அப்படிப்பட்ட பெருக்கத்துக்கு அஞ்சறைப் பெட்டியில் மருந்து இல்லை. வேளாண் துறைக்கும் வனத் துறைக்கும் சொல்ல வேண்டிய விஷயம் அது.

வீட்டு எறும்புக்கு வருவோம். இன்று இரவு படுக்கப் போவதற்கு முன் மஞ்சள் டப்பாவைத் தேடாதீர்கள். தேன் பாட்டிலின் கழுத்தையும், எண்ணெய்த் தூக்கின் அடியையும், மிக்சிக்குக் கீழேயும் சோப்புத் துணியால் ஒரு முறை துடையுங்கள். எறும்பு நுழைகிற ஓட்டையைக் கண்டுபிடித்து, வெள்ளை சிமென்டால் அடைத்துவிடுங்கள்.